டிசம்பர் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்: ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பினீர்கள். பெற்றோர் கையொப்பமிட்டு மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும் என்று அதன் அடியில் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, "டீச்சர், இதில் ஒப்புப் போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

படித்தேன். அரையாண்டுத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுகளையும் இந்த ஜனவரியிலேயே மாற்றியமைக்கப்போகிறீர்கள். மேலே இருப்பவர்கள் ஏ பிரிவு. அவர்களுக்குச் சனிக்கிழமைகளில் நீட், ஜே.இ.இ. அடிப்படைப் பயிற்சி. கீழே இருப்பவர்கள் டி பிரிவு. அவர்களை 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு மட்டும். இதே பிரிவு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை தொடரும். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு எப்படிப் போவது என்று ஒரு வரிகூட இல்லை.

அவருடைய மகள் டி பிரிவுப் பட்டியலில் இருக்கிறாள். அன்று மாலை அவள் வேலிப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னது: "எங்கள் வகுப்பில் இனி முக்கோணவியல் கிடையாதாம் டீச்சர்."

இந்த மடலை நான் எழுதக் காரணம் அந்த ஒரு வாக்கியம்.

உங்கள் பள்ளியில் நான் பணியாற்றியதில்லை. ஆனால் நீங்கள் செய்யப்போவதை நான் செய்திருக்கிறேன். 1988 முதல் 2019 வரை இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் கணித ஆசிரியையாக இருந்தேன். அந்த 31 ஆண்டுகளில் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக எழுதி, நடுவில் கோடு போட்டு, 'இதுவரை ஏ, இதற்குக் கீழே டி' என்று பிரித்துக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று. அப்போது அது நியாயமாகவே எனக்குப் பட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது, படிக்காத பிள்ளையைத் தேர்ச்சிபெற வைத்துவிட வேண்டும் என்று நம்பினேன். ஆகவே உங்களைக் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நடந்து பார்த்தவளாகச் சொல்கிறேன்.

2001இல் பத்தாம் வகுப்பு டி பிரிவு எனக்குக் கிடைத்தது. எல்லோரும் தேர்ச்சிபெற வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. வரைபடம், செய்முறை வடிவியல், புத்தகத்தின் பின்பக்க வினாக்கள் என்று ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போட வைத்தேன். ஒரு பையன் அளவியல் பாடத்தில் ஆர்வம் காட்டினான். கூம்பையும் உருளையையும் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான். "மக்களே, அதை விடு. உனக்கு அது வேண்டாம். வரைபடத்தைப் போட்டுப் பழகு" என்று நான்தான் சொன்னேன். அவன் 39 மதிப்பெண்ணோடு தேர்ச்சி பெற்றான். பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு அவனுக்குக் கிடைக்கவில்லை. பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள், கதவு செய்யப் பலாத்தடி வாங்குவதற்காக மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தடி மில்லுக்கு, அதாவது மரம் அறுக்கும் ஆலைக்குப் போனேன். அங்கே தடி அளப்பவர் அந்தப் பழைய மாணவர்தான். தடியைச் சுற்றி நாடாவைப் போட்டார். 60 அங்குலம். நாலில் ஒரு பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. நீளம் 8 அடி; அதையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் பன்னிரண்டரை கன அடி. தாளும் இல்லை, பேனாவும் இல்லை. நான் மனத்தில் பெருக்கி முடிக்குமுன் அவர் விடையைச் சொல்லிவிட்டார். "இங்கே வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் படித்தேன் டீச்சர்" என்றார். எந்த மனத்தாங்கலும் இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. உனக்கு வேண்டாம் என்று நான் மூடிவைத்த பாடத்தை வைத்து அந்த மனிதர் பிழைப்பு நடத்துகிறார்.

உங்கள் குறைந்தபட்சக் கற்றல் கையேடு என்னவாக இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்ல முடியும். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வரைபடமும் செய்முறை வடிவியலும் சேர்ந்து 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கூட்டினால் 30. இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைத் தொட்டுவிட்டால் 35 தாண்டிவிடும். இந்தக் கணக்கை இந்த மாவட்டத்தின் எந்தக் கணித ஆசிரியரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தேர்வுக்கு முந்தைய மாதத்தில், தவறிவிடுவானோ என்று பயப்படுகிற ஒரு பிள்ளைக்கு இது உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு ஜனவரியிலேயே அந்தக் கையேட்டைக் கொடுத்து, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் எடுத்துவிட்டால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு 35க்கு மேல் ஏணியே இல்லை என்று பொருள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, அதன் பிறகு என்ன வேலை என்பதெல்லாம் அந்தப் பிள்ளை கேட்காமலே முடிவாகிவிடுகிறது.

இனி, நீங்கள் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். என் பெரிய வருத்தம் இதில்தான்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது. நம் மாவட்டத்தின் மலையோரத்தில் அக்டோபர் முதல் ஜனவரி வரை ரப்பர் பால் அதிகமாகக் கிடைக்கும் காலம். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்வால் பால் குறைந்துவிடும். மழை மாதங்களில் வெட்டு தடைபடும். ஆகவே ஆண்டு முழுவதற்குமான வருமானத்தில் பெரும்பகுதியை இந்த நான்கு மாதங்களில்தான் தேட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா அக்டோபரில் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. அன்றிலிருந்து அப்பாவுடன் இந்தப் பிள்ளைதான் போகிறாள். மரத்துக்கு மரம் முன்னால் போய், வெட்டுக்காயத்தில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, சிரட்டையைத் துடைத்து வைப்பது அவள் வேலை. ஏழு மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கிறாள். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் அவள் பெற்றது 67. அரையாண்டில் 41. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அவளுடைய அறிவு குறைந்துவிடவில்லை. அவளுடைய தூக்கம் குறைந்திருக்கிறது. உங்கள் ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

இது ஒரு பிள்ளையின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெயருக்கு நேரே ஊரையும் வீட்டுத் தொழிலையும் எழுதிவைப்பது என் பழக்கம். என் பழைய மதிப்பெண் குறிப்பேடுகள் எல்லாம் இன்னும் வீட்டில் இருக்கின்றன. இந்த வாரம் அவற்றை எடுத்து டி பிரிவுப் பட்டியல்களை மட்டும் பார்த்தேன். பால் வெட்டுகிற வீடு. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிற வீடு. செங்கல் சூளை. கடற்கரையில், அப்பா ஆழ்கடலுக்குப் போய் மாதக்கணக்கில் வராத வீடு. பக்கம் பக்கமாக இவர்கள்தான். கோடு போட்டபோது ஏன் எனக்கு இது தெரியவில்லை என்று வெட்கமாக இருந்தது. மதிப்பெண்ணின் மீது கோடு போடுவதாக நினைத்துக்கொண்டு வீடுகளின் மீது கோடு போட்டிருக்கிறேன்.

கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்குத் தமிழ்த் தாளில் இருபது மதிப்பெண் போய்விடும். நீங்கள் பார்ப்பது மொத்த மதிப்பெண். தமிழில் போன இருபதுக்காக, கணக்கில் கெட்டிக்காரனான பையன் கணக்குக்கும் சேர்த்து டி பிரிவுக்குப் போகிறான். இது எந்த வகையில் திறன் பார்த்துப் பிரிப்பது?

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. கடற்கரையில் அப்பாக்களையும் அண்ணன்களையும் தேடிக்கொண்டிருந்தார்கள். மலையோரத்தில் ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்தன. அதன் பிறகு நடந்த அரையாண்டுத் தேர்வை என் வகுப்புப் பிள்ளைகளும் எழுதினார்கள். ஒரு பையன் கணிதத் தாளில் தன் பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதி, மீதிப் பக்கங்களை வெறுமையாகக் கொடுத்தான். அந்தத் தாளுக்கு நான் பூஜ்யம் போட்டேன். வேறு என்ன போடுவது? அந்தப் பூஜ்யத்தை வைத்து அவனை ஒரு பிரிவில் தள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது முதல் முறையாக நான் மறுத்தேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்தபோது வந்த துணிச்சல் அது. முன்பே வந்திருக்க வேண்டும்.

டி பிரிவுக்கு எந்த ஆசிரியர் போவார் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கை அதைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஏ பிரிவு கிடைப்பது மரியாதை. டி பிரிவு கிடைப்பது தண்டனை. புதிதாக வந்தவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சம்பளத்தில் தற்காலிகமாக இருப்பவர், நிர்வாகத்தோடு ஒத்துப்போகாதவர், இவர்களுக்குத்தான் அது போகும். அதிக உதவி வேண்டிய பிள்ளைகளுக்கு அனுபவம் குறைந்த ஆசிரியர். எந்த மருத்துவமனையிலாவது நோய் முற்றியவருக்குப் பயிற்சி மருத்துவரை மட்டும் அனுப்பிவிட்டு இருப்பார்களா?

பிள்ளைகளுக்கும் இது தெரியும். மூன்றாம் நாளே தெரிந்துவிடும். வருகைப்பதிவேட்டில் என்ன பெயர் வைத்தாலும், மலர் என்றாலும் மொட்டு என்றாலும், அது டி பிரிவுதான் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் நடத்திய டி பிரிவில் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினால், "டீச்சர், இது ஏ டிவிஷன் கணக்கு" என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். கணக்கைப் பார்க்கக்கூட இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அரையாண்டுக்குள் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை ஒழுக்கம் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

ஏ பிரிவுப் பெற்றோர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "மற்றவர்களுக்காக என் பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும்?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். என் பதிலை ஓர் அனுபவத்தின் வழியாகத்தான் சொல்ல முடியும்.

2010க்குப் பிறகு சில ஆண்டுகள் மலையோரத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். ஆங்கிலவழிப் பள்ளிகளின் வேன்கள் ஊருக்குள் வரத் தொடங்கியதும் அங்கே சேர்க்கை குறைந்து, ஒன்பதாம் வகுப்பு ஒரே பிரிவாகிவிட்டது. பிரிக்க வேண்டும் என்று நினைத்தாலும் வழியில்லை. முதலில் எனக்குத் திண்டாட்டமாக இருந்தது. வேகமான பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சத்தம் போடுவார்கள். மற்றவர்கள் அந்தச் சத்தத்திலேயே பயந்துவிடுவார்கள். ஒரு பருவம் முழுவதும் வகுப்பு என் பிடியில் இல்லை. பிறகு மெல்ல மெல்ல வழி பிடிபட்டது. ஒரே கணக்கை மூன்று ஆழத்தில் எழுதுவேன். முதல் ஆழம் எல்லோருக்கும், அதை முடித்தவர் அடுத்ததற்குப் போகலாம். யாரையும் நான் நிறுத்துவதும் இல்லை, விட்டுவிட்டுப் போவதும் இல்லை.

அந்த வகுப்பில் ஒரு நாள் முக்கோணவியல் நடந்தது. சைன், காஸ், டேன் என்று சொன்னதும் பாதி முகங்கள் வாடிவிட்டன. பால் வெட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "முப்பது பாகை என்றால் வெட்டுச் சரிவுதானே டீச்சர்?" என்றான். எனக்குப் புரியவில்லை. மறுநாள் மரத்தில் வெட்டுக்கோடு போடுவதற்கு வைத்திருக்கும் தகட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஒட்டுமரத்துக்கு 30 பாகைச் சரிவு, விதைமரத்துக்கு 25 பாகை என்று விளக்கினான். மரத்தின் சுற்றளவு 60 சென்டிமீட்டர். வெட்டு அரைச் சுற்று, அதாவது 30 சென்டிமீட்டர். அப்படியானால் இடது மேல்முனைக்கும் வலது கீழ்முனைக்கும் உயர வித்தியாசம் என்ன? வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் எழுந்தாள். உருளையை விரித்துத் தட்டையாக்கினால் செங்கோண முக்கோணம் வருகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். 30ஐ டேன் 30ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 17.3 சென்டிமீட்டர். பையன் அடுத்த நாள் காலையில் தோட்டத்தில் நாடா வைத்து அளந்துவிட்டு வந்து, "சரிதான்" என்றான்.

அன்று யார் யாருக்காகக் காத்திருந்தார்கள்? அந்தப் பெண் ஏ பிரிவில் தனியாக இருந்திருந்தால் டேன் 30 எவ்வளவு என்பதை அட்டவணையில் மனப்பாடம் செய்திருப்பாள். மரத்தில் கண்டிருக்க மாட்டாள். அந்தப் பையன் டி பிரிவில் இருந்திருந்தால் அவனுக்கு முக்கோணவியலே நடந்திருக்காது. ஒவ்வொரு நாளும் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. சலிப்பான நாட்களும் இருந்தன. ஆனால் பிரித்து வைத்த வகுப்புகளில் இருந்த 20 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இப்படி ஒரு நாள்கூட வந்ததில்லை.

உலகத்தில் மற்றவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். பின்லாந்தில் நடுநிலைப் படிப்பில் கணிதத்துக்கும் அயல்மொழிகளுக்கும் திறன்வாரியான பிரிவுகள் இருந்தன. 1985இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே குறைந்துபோகவில்லை. 2000 முதல் சில ஆண்டுகள் நடந்த சர்வதேச ஒப்பீடுகளில் அந்த நாடு முன்வரிசையில் நின்றது. அதற்கு இந்த ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரித்தால்தான் தரம் வரும் என்ற பேச்சு நிற்காது.

நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25ஆம் தேதி நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களை வகுத்தது. கல்வி நிறுவனங்கள், குறிப்பாகப் பயிற்சி மையங்கள், கல்வித் திறனை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பதையும், பிறர் முன் அவமானப்படுத்துவதையும், சக்திக்கு மீறிய இலக்குகளைச் சுமத்துவதையும் இயன்ற வரை தவிர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 'இயன்ற வரை' என்ற சொல் அதில் இருப்பதை மறைக்கவில்லை. நான்கு பிரிவுகளும் நான்கு அறைகளும் இருக்கும் உங்கள் பள்ளியில் இது இயலாத காரியமா என்பதை நீங்களே சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்று உங்களில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாராம். ஆம், நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் ஒரு பிள்ளை மனம் நோகாதவளாகிவிடுகிறாளா?

நம் மாநிலம் போன பாதையும் இதற்கு எதிரானது. நால்வகைப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கிச் சமச்சீர்க் கல்வி கொண்டுவந்தோம். 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே அரசு நிறுத்தியது. வெளியில் நிறுத்திய வரிசையை நீங்கள் வகுப்பறைக்குள் கொண்டுவருகிறீர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு; மாநிலத்தில் முதலிடம். ஆண்டுவிழா மேடைகளில் இதைச் சொல்லாதவர்கள் இல்லை. அது எப்படி வந்தது? 1806இல் நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்த கிறித்தவ மிஷனரி ரிங்கல்தௌபே, பொதுவழியில் நடக்கவும் உரிமையில்லாதிருந்தவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் உட்காரவைத்தார். 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். என் பாட்டிக்கு எழுதத் தெரிந்ததும் நான் ஆசிரியையானதும் இந்த வரிசையில் வந்தவை. உன் மதிப்பெண் என்ன என்று கேட்டுவிட்டா அவர்கள் பெஞ்சைக் காட்டினார்கள்?

பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி உதவியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னக் கணக்கு தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரத்தான் வேண்டும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படைத் திறன் குறைந்தவர்களுக்குத் 'திறன்' என்ற பெயரில் தொடங்கியிருக்கும் பயிற்சியின் நோக்கம் அதுதான். எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுமாற்றம் என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும், சில மாதங்களுக்கு உதவி செய்து, மறுபடியும் வகுப்போடு சேர்ப்பது ஒன்று. எல்லாப் பாடத்துக்குமாக ஒரு பிள்ளையை ஓராண்டுக்கும் மேலாக வேறு அறையில் வைப்பது முற்றிலும் வேறு. முதலாவதைச் செய்யுங்கள், நானும் வந்து உதவுகிறேன்.

இப்போது நான் கேட்பவை:

சுற்றறிக்கையை உடனே நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே கையொப்பமிட்டுக் கொடுத்தவர்களிடம் தாளைத் திருப்பிக் கொடுங்கள்; என்ன என்று புரியாமலே ஒப்பமிட்டவர்கள் பலர். கையொப்பமிடாதவர்களின் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தும் வேலை இரண்டு நாளாக நடக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும்.

நான்கு பிரிவுகளும் அகர வரிசையிலோ குலுக்கலிலோ அமையட்டும். மதிப்பெண்ணைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், நான்கு பிரிவிலும் எல்லா நிலைப் பிள்ளைகளும் சமமாக வரும்படி பங்கிடுவதற்குப் பாருங்கள். மூத்த ஆசிரியர்கள் நான்கு பிரிவுக்கும் போக வேண்டும். பாடநூலில் உள்ள எல்லாப் பாடங்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்க வேண்டும். முக்கோணவியலும் இயற்கணிதமும் எவருக்கும் விடப்படக் கூடாது. சனிக்கிழமைப் பயிற்சியில் விருப்பமுள்ள எந்தப் பிள்ளையும் உட்காரலாம் என்று அறிவியுங்கள். குறைதீர் வகுப்புகள் பாடவாரியாக இருக்கட்டும். எந்தத் தேதியில் முடியும் என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். 'மெல்ல மலரும்' என்ற அடைமொழியைப் பதிவேட்டிலிருந்தும் கையேட்டின் அட்டையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் தேர்ச்சி விழுக்காட்டுக்காக எந்தப் பிள்ளையையும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படி நெருக்க மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன். மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் மதிப்பெண் வாரியாகப் பிரிவுகளை வைத்திருக்கின்றன என்று நேரில் விசாரித்து, அதை நிறுத்தும்படி சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்பது அவரிடம் என் வேண்டுகோள்.

ஜனவரி முடிவதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டுங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அண்டி ஆபீசில் இருப்பார்கள், மீன் ஏலத்தில் இருப்பார்கள். வருகிறவர்கள் ஏ பிரிவுப் பெற்றோர்களாக மட்டுமே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வையுங்கள்.

குறைதீர் வகுப்புக்குக் கணித ஆசிரியர் போதவில்லை என்று சொல்வீர்களானால், திங்கள் முதல் வியாழன் வரை மாலை நான்கரைக்கு மேல் நான் சம்பளமில்லாமல் வருகிறேன். எந்தப் பிரிவுக்கும் வருகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சுற்றறிக்கை கையொப்பமிடாமல் என் மேசையில் இருக்கிறது. கூட்டத்துக்கு வரும்போது அதையும், 1988 முதலான என் மதிப்பெண் குறிப்பேடுகளையும் எடுத்துவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.